மூன்றாம் நரம்பின் வழக்கு: தமிழ்ப் பாலைகளும் ஐரோப்பிய மோடுகளும் ஒத்திசையும்

1. முன்னுரை

தமிழிசை பற்றிய ஆய்வரங்குகளில் இரு கூற்றுகள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. மேலைநாட்டார் பெருமைப்படும் ஒத்திசை பண்டைத் தமிழரிடம் முன்னரே இருந்தது என்பது ஒன்று. நம் இசை ஒற்றைவழி இன்னிசையாகவே நின்றுவிட்டதால் ஒத்திசை என்னும் படியை எட்டாமற் போயிற்று என்பது மற்றொன்று. முன்னது பெருமிதத்தில் பிறந்தது. பின்னது தாழ்வுணர்வில் பிறந்தது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: எல்லா இசையும் ஒரே ஏணியில் ஏறுகின்றன, அந்த ஏணியின் மேற்படி ஒத்திசை என்னும் எண்ணம்.

இவ்வெண்ணம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. புலம்பெயர் நாடுகளில் நம் பிள்ளைகள் பள்ளியில் பியானோவும் கிதாரும் பயில்கின்றனர். வார இறுதியில் வாய்ப்பாட்டோ வீணையோ கற்கின்றனர். கரகரப்பிரியாவுக்கு எந்தக் கார்டு வைக்கலாம் என்று அவர்கள் கேட்கும்போது, ஆசிரியர் ஒருவர் அது கூடாது என்கிறார். மற்றொருவர் மைனர் கார்டு போதும் என்கிறார். இரு விடைகளும் அப்பிள்ளைக்கு ஒன்றையும் விளக்குவதில்லை. மோடு எனப்படும் சுரவமைப்புக்கும் கார்டு எனப்படும் சுரக்கூட்டுக்கும் உள்ள உறவு வரலாற்றில் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தாலன்றி இக்கேள்விக்குத் தெளிவான விடை கூற இயலாது.

அவ்வுறவின் வரலாற்றைத் தீர்மானித்தது ஒரே ஒரு சுரம், அதாவது ஆதார சுரத்திலிருந்து எண்ண மூன்றாவதாக நிற்கும் சுரம், என்பதே இக்கட்டுரையின் கருத்து. நம் முன்னோர் அதனைக் கைக்கிளை என்றனர். இன்று காந்தாரம் என்கிறோம். ஐரோப்பா அதனை நட்பாக ஏற்றுப் பின்னர் நடுவராகவே அமர்த்திக்கொண்டது. தமிழ் மரபில் அதன் வழக்கு முடிவின்றி நின்றது. இவ்வேறுபாட்டிலிருந்தே இரு இசைகளின் வழிகளும் பிரிகின்றன.

2. ஏழ்பெரும்பாலையும் ஏழு மோடுகளும்

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளைக் கொண்ட ஒரு வரிசையில், நரம்புகளின் சுருதியை மாற்றாமல், குரலாகக் கொள்ளும் இடத்தை மட்டும் மாற்றினால் வேறொரு பாலை பிறக்கும். இதுவே பண்ணுப்பெயர்த்தல். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு பாலைகள் இவ்வாறு பெறப்படுகின்றன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, வேனிற் காதை, ஆய்ச்சியர் குரவை ஆகிய பகுதிகளும் அவற்றுக்கு அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்குநல்லாரும் எழுதிய உரைகளும் இதற்குரிய முதன்மைச் சான்றுகள். 1892ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் இவ்வுரைகளுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பின்னரே இவ்வாய்வுக்கு வழி திறந்தது.

செம்பாலை இன்றைய அரிகாம்போதியின் சுரவமைப்பை உடையது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட முடிபு. அதிலிருந்து பெயர்த்துச் செல்ல, படுமலைப்பாலை நடபைரவியாகவும், அரும்பாலை சங்கராபரணமாகவும், கோடிப்பாலை கரகரப்பிரியாவாகவும், விளரிப்பாலை தோடியாகவும், மேற்செம்பாலை கல்யாணியாகவும் அமைகின்றன. கைக்கிளையைக் குரலாகக் கொள்ளும் செவ்வழிப்பாலைக்கு இளி கிட்டுவதில்லை. இரண்டு உழைகள் கிட்டுகின்றன.

பியானோவின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் கொண்டு, தொடங்கும் கட்டையை மாற்றிக்கொண்டே சென்றால் இதே ஏழு அமைப்புகளும் கிட்டும். மேலைநாட்டார் வழங்கும் பெயர்களில் செம்பாலை மிக்ஸோலிடியன், படுமலை ஏயோலியன், செவ்வழி லோக்ரியன், அரும்பாலை அயோனியன், கோடிப்பாலை டோரியன், விளரிப்பாலை ஃபிரிஜியன், மேற்செம்பாலை லிடியன். ஏழு சுரங்களை ஐந்தாம் சுர உறவால் தொடுத்துச் சுழற்றினால் எந்நாட்டவருக்கும் இவ்வேழே கிட்டும். ஆதலின் இவ்வொற்றுமையிலிருந்து ஒருவர் மற்றவரிடம் கடன் பெற்றார் என முடிவு கட்டுதல் பொருந்தாது.

3. மோடு வெறும் சுரவரிசையா?

இன்று இசைப்பள்ளிகளில் மோடு என்றால் சுரவரிசை என்றே கற்பிக்கப்படுகிறது. இடைக்கால ஐரோப்பாவில் நிலைமை வேறு. 9ஆம் நூற்றாண்டளவில் திருச்சபை வழிபாட்டிசையை வகைப்படுத்த எட்டு மோடுகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பாட்டு வந்து அமரும் முடிசுரம் ஒன்றும், திருப்பாடல்களை நெடிது ஓதும்போது குரல் நிலைத்து நிற்கும் ஓதுசுரம் ஒன்றும், இயங்கும் எல்லையும், வழக்கமான சுரச்சொற்களும் இருந்தன. ஒரே முடிசுரம் கொண்ட இரு மோடுகள் ஓதுசுரத்தாலும் இயங்கும் எல்லையாலும் வேறுபட்டன. நம் இராகத்தின் நியாசம், அம்சம், சஞ்சாரம் ஆகியவற்றை அறிந்தவர்க்கு இவ்விலக்கணம் புதிதாகத் தோன்றாது.

தமிழிலும் பாலை வேறு, பண் வேறு. ஏழு நரம்புடையது பண், ஆறுடையது பண்ணியல், ஐந்துடையது திறம், நான்குடையது திறத்திறம் எனப் பகுத்து, அவற்றின் விரிவை 103 என எண்ணினர். பாலை என்பது நிலம். பண் என்பது அந்நிலத்தில் எழுந்த வீடு. டோரியன் மோடும் கோடிப்பாலையும் ஒன்று என நாம் கூறும்போது நிலங்களின் அளவு ஒன்று என்றுதான் கூறுகிறோம். இடைக்கால ஐரோப்பியர் தம் மோடுகளுக்குக் கிரேக்கப் பெயர்களைச் சூட்டியபோது அவை பண்டைக் கிரேக்கர் அப்பெயர்களால் குறித்த அமைப்புகளோடு பொருந்தவில்லை என்பதும் நமக்கு ஓர் எச்சரிக்கை. பெயர் ஒத்திருப்பதால் பொருள் ஒத்திருப்பதில்லை.

4. ஐரோப்பாவில் பகை நட்பான வரலாறு

ஒரு சுரத்தின் மேல் ஒன்றுவிட்டு ஒன்றாக இரு சுரங்களை அடுக்கி, மூன்றையும் ஒருங்கே ஒலிப்பது சுரக்கூட்டின் அடிப்படை வடிவம். ச, அந்தர காந்தாரம், ப சேர்ந்தால் மேஜர். ச, சாதாரண காந்தாரம், ப சேர்ந்தால் மைனர். இங்கு ஐந்தாம் சுரம் இரண்டுக்கும் பொது, வேறுபடுத்துவது காந்தாரமே. ஆதலால் மூன்றாம் சுரத்தை ஆதாரத்தோடு சேர்ந்தொலிக்கும் இனிய சுரமாக ஏற்காதவரை இன்று நாம் அறியும் கார்டு தோன்றியிருக்க இயலாது.

ஐரோப்பாவில் அவ்வேற்பு உடனே நிகழ்ந்துவிடவில்லை. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த 'மூசிக்கா என்கிரியாடிஸ்' என்னும் இலத்தீன் நூல், ஒரு குரலோடு மற்றொரு குரல் நான்காம் சுர அல்லது ஐந்தாம் சுர இடைவெளியில் உடன் செல்லும் முறையை விளக்குகிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தோடு தொடர்புடைய லியோனினும் பெரோடினும் இரண்டு, மூன்று, நான்கு குரல்களுக்கு இசை அமைத்தபோதும், ஓய்வு கொள்ளும் இடங்களில் எட்டாம், ஐந்தாம், நான்காம் சுரங்களே நின்றன.

இதற்குக் காரணம் சுருதி சேர்க்கும் முறையில் உள்ளது. பித்தகோரசின் மரபில் சுரங்கள் அனைத்தும் 3/2 என்னும் ஐந்தாம் சுர விகிதத்தால் பெறப்பட்டன. ஆதாரத்திலிருந்து நான்கு முறை ஐந்தாம் சுரம் ஏறி, இரண்டு தானம் கீழிறக்கினால் கிட்டும் காந்தாரத்தின் விகிதம் 81/64. நரம்பின் இயல்பான எதிரொலியில் பிறக்கும் காந்தாரத்தின் விகிதமோ 5/4, அதாவது 80/64. இரண்டுக்கும் இடையே 81/80 அளவே வேறுபாடு. அரைச்சுரத்தை நூறு கூறாக்கினால் ஏறத்தாழ 22 கூறு. தனித்துப் பாடும்போது செவி இதனைப் பொறுக்கும். ஆதாரத்தோடு ஒருங்கே நீட்டி ஒலிக்கும்போது முன்னது அதிர்ந்து உரசும். பின்னது கலந்து அமையும்.

13ஆம் நூற்றாண்டில் யோகன்னஸ் தே கார்லாந்தியா போன்ற இலக்கண ஆசிரியர்கள் மூன்றாம் சுரத்தை நிறைவற்ற இசைவு என்னும் வகுப்பில் ஏற்றனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய, பெயர் அறியப்படாத ஆசிரியர் ஒருவர், இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் அது மிகச் சிறந்த இசைவாக மதிக்கப்படுவதைக் குறிப்பிடுகிறார். 15ஆம் நூற்றாண்டில் டன்ஸ்டபிள் முதலிய ஆங்கிலேயரின் இசை ஐரோப்பியப் பெருநிலத்தில் பரவியபோது, மூன்றாம் ஆறாம் சுரங்கள் செறிந்த அவ்வொலி புதுமையாகப் போற்றப்பட்டது. பாடகர் செவி முன்னே சென்றது. கணக்கு பின்னே வந்தது. 1482இல் பொலோனியாவில் ராமோஸ் தே பரேகா 5/4 விகிதத்தைத் தரும் பகுப்பை முன்வைத்தார். 1558இல் வெனிசில் சார்லினோ, ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களிலிருந்து இசைவுகள் அனைத்தும் பிறப்பதாக நிறுவி, 5/4, 6/5 ஆகிய விகிதங்களுக்குக் கோட்பாட்டு மதிப்பு அளித்தார். பகை நட்பாயிற்று.

5. ஏழு இரண்டாகியது

நட்பான சுரம் அங்கேயே நிற்கவில்லை. நடுவர் இருக்கையில் ஏறியது. சார்லினோ மோடுகளை ஆராய்ந்தபோது, சில மோடுகளில் முடிசுரத்தின் மேல் பெரிய மூன்றாம் சுரமும் ஏனையவற்றில் சிறிய மூன்றாம் சுரமும் அமைவதைச் சுட்டினார். நம் பெயர்களில் கூறினால், குரலின் மேல் எழும் சுரக்கூட்டு செம்பாலை, அரும்பாலை, மேற்செம்பாலை ஆகிய மூன்றிலும் மேஜர். படுமலை, கோடி, விளரி ஆகிய மூன்றிலும் மைனர். இளியற்ற செவ்வழிக்கு நிலையான கூட்டு இல்லை. 1547இல் பாசலில் வெளியான 'டொடெகாகார்டன்' நூலில் கிளாரியன் எட்டு மோடுகளைப் பன்னிரண்டாக விரித்து அயோனியனையும் ஏயோலியனையும் சேர்த்தபோது, இவ்வேழாவது அமைப்பை நிறைவான ஐந்தாம் சுரம் இன்மையால் விலக்கினார். காந்தாரத்தைக் கொண்டு பார்க்கும் கண்ணுக்கு ஆறு பாலைகளும் இரு குடும்பங்களாகத் தோன்றத் தொடங்கின.

இரண்டாவது காரணம் பாட்டு வந்து முடியும் முறை. பல குரல்கள் சேர்ந்து முடிசுரத்தில் அமரும்போது, அதற்கு ஓர் அரைச்சுரம் கீழிருந்து ஏறி அமர்வது உறுதியான முடிவாகக் கேட்டது. எனவே ஏட்டில் கைசிகி நிஷாதம் இருந்தாலும் முடியும் இடங்களில் பாடகர் அதனைக் காகலியாக உயர்த்திப் பாடினர். இதன் விளைவை மேளகர்த்தா அறிந்த தமிழ் வாசகர் உடனே உணரலாம். அரிகாம்போதியில் காகலி புகுந்தால் சங்கராபரணம். கரகரப்பிரியாவில் புகுந்தால் கௌரிமனோகரி. நடபைரவியில் புகுந்தால் கீரவாணி. கல்யாணியின் பிரதி மத்தியமமும், உறுத்தும் இடங்களில் சுத்த மத்தியமமாகத் தாழ்த்தப்பட்டுச் சங்கராபரணத்தை நாடியது. இவ்வாறு மேஜர் குடும்பத்து மூன்றும் ஒரே உருவில் கலந்தன. கோடிப்பாலையும் படுமலையும் இன்று மைனர் எனப்படும், ஏறுகையில் ஒன்றும் இறங்குகையில் ஒன்றுமாக மாறும், உருவில் கலந்தன. விளரிப்பாலை மட்டும் நெடிது எதிர்த்து நின்றது. அதன் அரைச்சுரம் குரலுக்கு மேலே இருப்பதால் கீழிருந்து ஏறும் அரைச்சுரம் அதற்கு வேண்டியதில்லை. ஃபிரிஜியன் முடிவு என்னும் தனி முடிவு பிற்காலத்திலும் வழங்கியதற்கு இதுவே காரணம்.

1612இல் லிப்பியுஸ் என்னும் ஜெர்மானியர் மூன்று சுரக் கூட்டுக்கு இசையின் அடிப்படை அலகு என்னும் தகுதியை அளித்தார். 1722இல் ரமோ தம் ஒத்திசை இலக்கண நூலில், கூட்டின் சுரங்கள் எவ்வரிசையில் கீழ்மேலாக அடுக்கப்பட்டாலும் அதன் வேர்ச்சுரம் ஒன்றே எனக் காட்டி, இன்னிசை ஒத்திசையிலிருந்து பிறக்கிறது என்றார். அதே 1722ஆம் ஆண்டைத் தாங்கிய பாக்கின் விசைப்பலகைத் தொகுதி, பன்னிரண்டு சுரத்தானங்களிலும் மேஜர், மைனர் என 24 நிலைகளில் அமைந்தது. அந்த 24க்குள் இருக்கும் மோடுகள் இரண்டே.

இங்கு ஒரு காலப்பொருத்தம் எண்ணத்தக்கது. ஐரோப்பாவில் மோடுகள் இரண்டாகச் சுருங்கிய அதே 17ஆம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர் அவையில் வேங்கடமகி சுரவமைப்புகளை 72 மேளங்களாக விரித்தார். ஓரிடத்தில் இழந்தது செங்குத்தாக ஈடுசெய்யப்பட்டது. மற்றோரிடத்தில் பெருக்கம் கிடையாக நிகழ்ந்தது. இவற்றுள் ஒன்றை வளர்ச்சி என்றும் மற்றதைத் தேக்கம் என்றும் பெயரிடுவதற்கு வரலாற்றில் இடமில்லை.

6. தமிழ் மரபில் இணை, கிளை, நட்பு, பகை

இனி நம் நூல்களிடம் வருவோம். நரம்புகளுக்கிடையேயான உறவை இணை, கிளை, நட்பு, பகை என நான்காகச் சிலப்பதிகார உரைமரபு வகுத்தது. நின்ற நரம்பிலிருந்து ஏழாவது இணை, ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றும் ஆறும் பகை என இக்கால ஆய்வாளர் இவ்வுரைகளிலிருந்து திரட்டிக் கூறுவர். இவ்வெண்களை எவ்வாறு எண்ணுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஏழு நரம்புகளையே அலகாகக் கொண்டு எண்ணினால், குரலுக்கு ஐந்தாவது இளி, அது கிளை. நான்காவது உழை, அது நட்பு. மூன்றாவது கைக்கிளையும் ஆறாவது விளரியும் பகை. இவ்வாசிப்பில் நம் மரபும் பித்தகோரசின் மரபும் ஒரே தீர்ப்பை வழங்குகின்றன.

பன்னிரண்டு இராசி வீடுகளில் சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலைக் கணக்கில், நின்ற வீட்டை விடுத்து எண்ணினால் விடை மாறுகிறது. ஏழாம் வீட்டில் நிற்பது பஞ்சமம், அது இணை. ஐந்தாம் வீட்டில் சுத்த மத்தியமம், அது கிளை. நான்காம் வீட்டில் அந்தர காந்தாரம்; அது நட்பு. மூன்றாம் வீட்டில் சாதாரண காந்தாரமும் ஆறாம் வீட்டில் பிரதி மத்தியமமும் பகை. இவ்வாசிப்பில் மேஜர் கூட்டின் காந்தாரம் நண்பனாகிறது. மைனர் கூட்டின் காந்தாரம் பகைவனாகிறது.

இரண்டுக்கும் சான்று உண்டு. கிளை நரம்புகளாகக் குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை ஆகிய ஐந்தும் இவ்வரிசையிலேயே எண்ணப்படுவது முதல் வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. ஒவ்வொன்றும் முன்னதற்கு ஐந்தாவது. ஏழாவது இணை என்பதோ இரண்டாம் வாசிப்பில்தான் எளிதாகப் பொருள்படும். குரலுக்குத் தாரம் இணையாதல் செவிக்கு ஏலாது.

சுருதி அளவிலும் இதே இரட்டை நிலை தெரிகிறது. தாரத்திலிருந்து உழை, உழையிலிருந்து குரல், குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், துத்தத்திலிருந்து விளரி, விளரியிலிருந்து கைக்கிளை எனப் பிறப்புமுறை கூறும் உரைப்பகுதியை ஐந்தாம் சுர விகிதத்தால் கணக்கிட்டால் கைக்கிளையின் விகிதம் 81/64. அவ்வுரைமரபே குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என 22 அலகுகளையும் வழங்குகிறது. நான்கு அலகுக்கு 9/8, மூன்றுக்கு 10/9, இரண்டுக்கு 16/15 என வழக்கமாகக் கொள்ளும் விகிதங்களை இட்டால் அதே கைக்கிளை 5/4 ஆகிறது. ஐரோப்பாவில் பித்தகோரசின் மரபும் சார்லினோவும் எதிரெதிரே நின்ற வழக்கு, இங்கு ஒரே உரைமரபுக்குள் தீர்ப்பின்றி உறங்குகிறது.

இதனை நம் மரபின் குறை என நான் கருதவில்லை. கைக்கிளை கிளைப் பட்டியலின் கடைசி உறவாகவும் குரலுக்கு நேரே நிற்கையில் பகையாகவும் அமைவது முரண்போலத் தோன்றும். வழிவழியாக வந்த சுற்றத்தான் நேருக்கு நேர் நிற்கும்போது உறுத்துவது உலகியலில் உண்டு; 81/64 என்னும் காந்தாரமும் அத்தகையதே. இஃது என் வாசிப்பு. ஆயினும் கணக்கு இதற்கு இடந்தருகிறது.

ஒன்று மட்டும் உறுதி. இந்நான்கு சொற்களும் நரம்புகளை ஒருங்கே ஒலிப்பதற்கான இலக்கணமாக இவ்வுரைகளில் அமையவில்லை. பாலை பிறக்கும் முறையையும், யாழோன் ஒரு நரம்பிலிருந்து எந்நரம்புக்குச் செல்லலாம், எங்குச் சென்றால் இசை கெடும் என்பதையும் ஒட்டியே இவை பேசப்படுகின்றன. பரத நூலின் வாதி, சம்வாதி, அனுவாதி, விவாதி என்னும் பகுப்பும் இத்தகையதே. யாழ் பல நரம்புகளை ஒருங்கே ஒலிக்கவல்ல கருவிதான். கருவிக்கு இயல்வது வேறு, மரபு கோட்பாடாக வகுத்தது வேறு. இணையும் நட்பும் இருப்பதால் தமிழரிடம் ஒத்திசை இருந்தது எனக் கூறுவோர், இன்னிசைக்காக எழுந்த நுண்ணிய உறவுக் கோட்பாட்டை அதன் சொந்தப் பெருமையிலிருந்து பெயர்த்து, இரவல் பெருமையில் வைக்கின்றனர்.

7. தமிழ் மண்ணில் நேர்ந்த சந்திப்பு

இரு முறைகளும் தமிழகத்தில் சந்தித்தபோது நிகழ்ந்தவை இவ்வேறுபாட்டை மேலும் விளக்கும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய சமயத்தொண்டர்களின் காலந்தொட்டு, ஜெர்மன் வழிபாட்டுப் பாடல்கள் அவற்றின் மெட்டிலேயே தமிழ்ச் சொற்களால் பாடப்பட்டன. பின்னர் வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகள் அதே திருச்சபைகளில் இராக தாளத்தோடு ஒலித்தன. நான்கு குரலில் பாடும் ஞானப்பாட்டும் ஒரே குரலில் பாடும் கீர்த்தனையும் ஒரே வழிபாட்டில் அடுத்தடுத்து இடம்பெற்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை.

முத்துசுவாமி தீட்சிதர் புனித ஜார்ஜ் கோட்டைப் பாண்டு இசையில் கேட்டவை என மரபு கூறும் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். நோட்டுசுரங்கள் எனப்படும் அவை சங்கராபரண மேளத்தில் நிற்கின்றன. பாண்டு இசையில் அம்மெட்டுகளுக்கு அடியில் ஒலித்த கார்டுகளை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மேஜர் மோட்டுக்கு நேரான பாலை நம்மிடம் இருந்ததால் மெட்டு தடையின்றி வந்து அமர்ந்தது. தம்புராவின் மேல் நிற்கும் இசைக்குக் கார்டு தேவைப்படவில்லை.

1893இல் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கருநாடக இசை உருப்படிகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் பதிப்பித்தார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவிய ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), மேலைநாட்டு இசையும் அறிந்தவர். 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' நூலில், வட்டப்பாலையின் பன்னிரண்டு வீடுகளும் சமமான அரைச்சுரங்கள் என வாதிட்டு, 22 சுருதிக் கொள்கையை மறுத்தார். விபுலாநந்த அடிகள் (1892–1947) தம் இறுதி ஆண்டில் அரங்கேற்றிய 'யாழ் நூல்' 22 அலகுகளை ஏற்று விகிதங்களால் கணக்கிட்டது. இவ்விரு பேரறிஞரின் வேறுபாட்டைச் சுருதி எண்ணிக்கை பற்றிய தகராறு எனக் கடந்துவிடுகிறோம். அதன் மையத்தில் இருப்பதும் கைக்கிளையின் இருப்பிடமே. சம அரைச்சுரக் கணக்கில் அது 400 கூறில் நிற்கும். 5/4 கணக்கில் ஏறத்தாழ 386 கூறில் நிற்கும். ஐந்தாம் சுரச் சங்கிலியில் ஏறத்தாழ 408 கூறில் நிற்கும். எதனை ஏற்கிறோம் என்பது நம் பாலைகள் கார்டோடு எவ்வாறு பழகும் என்பதையும் தீர்மானிக்கிறது.

8. கார்டு என்பது நகரும் பண்ணுப்பெயர்த்தல்

மோட்டுக்கும் கார்டுக்கும் உள்ள உறவைத் தமிழ் மாணவருக்கு விளக்க நம் கலைச்சொல்லே போதும். சங்கராபரணத்தின் சுரங்களை மட்டும் கொண்டு ரிஷபத்தின் மேல் ஒரு கூட்டை எழுப்பினால், அக்கூட்டு ஒலிக்கும் நேரம்வரை செவி ரிஷபத்தைக் குரலாகக் கொள்கிறது. நாம் கோடிப்பாலையில் நிற்கிறோம். அடுத்துப் பஞ்சமத்தின் மேல் கூட்டை எழுப்பினால் செம்பாலை. பின்னர் சட்சத்துக்குத் திரும்பினால் அரும்பாலை. ஜாஸ் கலைஞர் இரண்டு, ஐந்து, ஒன்று என எண்ணால் வழங்கும் கார்டு வரிசை இதுவே. ஒத்திசை என்பது சில நொடிகளுக்கு ஒருமுறை நிகழும் பண்ணுப்பெயர்த்தல்.

தம்புராவோ செவியை ஒரே குரலில் நிறுத்துகிறது. நம் இசையில் ஒவ்வொரு சுரமும் அந்நிலைத்த குரலோடு கொள்ளும் உறவாலேயே சுவை பெறுகிறது. குரல் நிலையாக நிற்பது ஓர் இசையின் உயிர். குரல் நகர்வது மற்றோர் இசையின் உயிர். இரண்டையும் ஒருசேரப் பெறுவதில் உள்ள அருமை இதுதான்.

ஐரோப்பிய மரபுவழி வந்தோரே 20ஆம் நூற்றாண்டில் மோடுகளை மீண்டும் நாடியபோது இதனை உணர்ந்தனர். 1959இல் வெளியான மைல்ஸ் டேவிசின் 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டின் முதல் உருப்படி, கார்டுகளை விரைந்து மாற்றுவதை விடுத்து, பதினாறு ஆவர்த்தனம் ஒரே டோரியன் மோட்டில் நின்று, எட்டு ஆவர்த்தனம் அரைச்சுரம் மேலே சென்று, எட்டு ஆவர்த்தனம் மீள்கிறது. அதில் பில் எவான்ஸ் பியானோவில் வாசித்த கூட்டு, மூன்று நான்காம் சுர இடைவெளிகளையும் அவற்றின் மேல் ஒரு பெரிய மூன்றாம் சுர இடைவெளியையும் கொண்டது. நம் வீட்டுக் கணக்கில் ஐந்து, ஐந்து, ஐந்து, நான்கு: மூன்று கிளையும் ஒரு நட்பும். இது தற்செயல் ஒற்றுமையே. ஆயினும் மோட்டைக் காக்க விரும்பிய கலைஞர், மேஜர், மைனர் எனத் தீர்ப்புக் கூறும் கூட்டை விட்டு விலக நேர்ந்தது என்பது வரலாற்றுப் பாடம்.

முன்னுரையில் கூறிய மாணவருக்கு இதிலிருந்து மூன்று வழிகாட்டல்களைத் தரலாம். முதலாவது, பாட்டை முடிக்கப் பஞ்சமத்தின் மேல் மேஜர் கூட்டை வழக்கம்போல் வைத்துவிடக் கூடாது. அது காகலியைக் கொண்டுவரும், கரகரப்பிரியா அவ்விடத்தில் கௌரிமனோகரியாகிவிடும். இரண்டாவது, ஒவ்வொரு பாலையையும் அதன் குடும்பத்துப் பிறவற்றிலிருந்து பிரிக்கும் சுரத்தை உடைய கூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரகரப்பிரியாவுக்கு மத்தியமத்தின் மேல் எழும் மேஜர். நடபைரவிக்கு அதே இடத்தில் மைனர். அரிகாம்போதிக்குக் கைசிகி நிஷாதத்தின் மேல் மேஜர். கல்யாணிக்கு ரிஷபத்தின் மேல் மேஜர். தோடிக்குச் சுத்த ரிஷபத்தின் மேல் மேஜர். மூன்றாவது, கமகத்தால் அசையும் சுரத்தைக் கூட்டில் கட்டிவைக்கக் கூடாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பியானோவின் காந்தாரம் அசைவதில்லை. அவ்விடத்தில் சட்சமும் பஞ்சமமும் மட்டும் ஒலிப்பதே இரு மரபுகளுக்கும் நேர்மையானது.

9. முடிவுரை

மோடுகளிலிருந்து ஒத்திசை பிறந்த வரலாறு, மூன்றாம் சுரம் பகையிலிருந்து நட்பாகி, நட்பிலிருந்து நடுவரான வரலாறு. அதற்கு ஐரோப்பா கொடுத்த விலை, தன் மோடுகளுள் பலவற்றின் தனித்தன்மை. நம் மரபு அந்த விலையைக் கொடுக்கவில்லை. அதனால் அந்தப் பொருளையும் பெறவில்லை. பெறாததைப் பெற்றதாகக் கூறுவதும், கொடாததை மறந்து வருந்துவதும் ஆய்வாளருக்கு அழகல்ல.

செய்யவேண்டிய பணி வேறு. கைக்கிளை பற்றிய இரு வாசிப்புகளையும் உரைகளின் ஏட்டுச்சுவடிகளோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும். பண்டிதரின் கணக்கையும் அடிகளாரின் கணக்கையும் இன்றைய பாடகரின் குரலை அளந்து பெறும் தரவோடு ஒப்புநோக்க வேண்டும். இரு இசைகளையும் ஒரே வீட்டில் கேட்டு வளரும் புலம்பெயர் தலைமுறையினர் இதற்கு நம்மைவிடத் தகுதி உடையோர். கோடிப்பாலையையும் டோரியனையும் இரண்டு பாடங்களாகக் கற்பிப்பதை விடுத்து, ஒரே நிலத்தில் எழுந்த இரண்டு வீடுகளாகக் காட்டும் பாடநூல் ஒன்று அவர்கள் கைக்குக் கிட்டவேண்டும்.